பாலில் விட்ட அயிரை

பாலை ஊற்றிவிட்டு அவள் குனிந்து பார்த்தாள்.

எவர்சில்வர் பேசினில் அயிரைகள் துள்ளின. விரல் நீளம்கூட இல்லாத மீன்கள். பால் பட்டதும் வாயைத் திறந்து திறந்து மூடின.

இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். உயிரோடு பாலில் விட்டால், தின்ற மண்ணையெல்லாம் கக்கிவிடும். பிறகுதான் குழம்பு.

அவள் குழம்புக்காக விடவில்லை.

மணல் அள்ளியதால் ஆற்று மீனுக்குக் கேடு உண்டா, இல்லையா? நாளை கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில் அவள் சொல்ல வேண்டும். மீன்வளம் படித்தவள் என்று அவளைத்தான் ஆய்வுக்கு அனுப்பியிருந்தார்கள். பாலத்துக்குக் கீழ்ப்பக்கம் ஆறு மணலெல்லாம் போய் வெறும் பள்ளம். அயிரையோ மணலுக்குள் புதைந்து வாழ்கிற மீன். ஒரு மாதமாக வலை போட்டுப் பார்த்தாள். ஒன்றுகூட ஏறவில்லை.

கேடு என்று சொல்வதாக இருந்தாள்.

இன்று சாயங்காலம் மணல் குவாரிக்காரரின் ஆள் வீடு தேடி வந்து ஒரு வாளியை வைத்தான்.

"பாலத்துக்குக் கீழதான் பிடிச்சோம் மேடம். எப்படித் துள்ளுது பாருங்க. ஆத்துல மீனு இல்லேன்னு நாளைக்கு எப்படிச் சொல்லுவீங்க?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

மீன் இருக்கிறது என்றால் கேடில்லை என்று ஆகிவிடும்; பொக்லைன் பாலத்தைத் தாண்டி ஆற்றின் மேல்பக்கத்துக்கும் போகும். ஆற்றில் மணல் மிச்சமிருப்பது அங்கே மட்டும்தான்.

கண்மாய் மீன் கரம்பையை, அடியில் படிந்த வண்டல் களிமண்ணை, கக்கும். ஆற்று மீன் மணலைக் கக்கும். இதைக் கூட்டத்தில் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவளுக்குத் தெரிந்தால் போதும். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசித்தான் பாலில் விட்டிருந்தாள்.

வரும் வழியிலேயே கக்கியிருந்தால்?

பால் வெள்ளையாகவே இருந்தது.

கரம்பையாக இருக்கட்டும்.

கரம்பையாகவே இருக்கட்டும்.

மறுபடியும் வேண்டிக்கொள்ளப் போனபோதுதான் உறைத்தது. ஆற்றில் ஒரு மீன்கூட இருக்கக் கூடாது என்றல்லவா வேண்டிக்கொண்டிருக்கிறாள். சீ என்றிருந்தது.

ஆனாலும் வேண்டுதல் நிற்கவில்லை.

பால் மெல்லச் சாம்பல் நிறமானது.

அடியில் விரலை விட்டுத் துழாவினாள். வழவழவென்று கரம்பை.

அப்பாடா.

பயல் எங்கோ கண்மாயில் பிடித்துவந்து கதை விட்டிருக்கிறான். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

விரலை எடுக்கப் போனாள்.

நறநறத்தது.

கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். விளக்குக்குக் கீழே கொண்டுபோனாள். நாலைந்து மணிகள். மினுங்கின.

ஆற்று மணல்.

அவன் முழுப் பொய் சொல்லவில்லை. இத்தனையில் ஒன்றாவது ஆற்றிலிருந்து வந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தின் ஏதோ ஓரத்தில் ஒரு பிடி மணலுக்குள் தாக்குப்பிடித்துக் கிடந்திருக்கிறது. ஒரு மாதம் அவள் வலைக்குத் தப்பியது, அவன் கையில் மாட்டிவிட்டது.

சந்தோஷமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

எது அந்த மீன்? பேசினுக்குள் தேடினாள். எல்லாம் ஒரே மாதிரி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"புளி ஊறப் போடவா?" அடுப்படியிலிருந்து கணவன் கேட்டான்.

"வேணாங்க."

வாளியில் தண்ணீர் பிடித்தாள். ஒன்றையும் விடாமல் அள்ளி அதில் போட்டாள். ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"இருட்டப் போகுது. எங்க கிளம்பிட்ட?"

"பாலத்துக்கு மேல."

அங்கே இன்னும் மணல் இருந்தது.

நாளை கூட்டத்தில் அவள் வாயைத் திறக்கும்வரையாவது இருக்கும்.