மாமன் மறுத்த இடம்

"ஊர்ப் பையன்களையெல்லாம் பஸ் ஏத்தறீங்க. சொந்த அக்கா மகனை மட்டும் விட்டுட்டுப் போறீங்களே, இது நியாயமா மாமா?"

கேட்டவன் மிர்லான். ஓரோஸ்பெக் அவன் முகத்தைப் பார்க்காமல் ஆட்டுக்கறியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"உன் நெஞ்சு எக்ஸ்ரேல ஏதோ புள்ளி இருக்குன்னு சொன்னேனில்ல?"

"நாரின் ஆஸ்பத்திரியில ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்களே."

"ரஷ்யா டாக்டருக்குக் கண்ணு இன்னும் நல்லாத் தெரியும்."

விருந்துக்கு உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

நாரின் டவுனில் ஏஜென்சி வைத்திருக்கிறார் ஓரோஸ்பெக். ரஷ்யாவில் கிடங்கு வேலை என்று ஆள் அனுப்புகிறார். ஆள் அனுப்புகிறவனுக்கு எங்கள் பக்கத்தில் புது மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைக்காத மரியாதை. கிளம்புகிறவர்களுக்கு அவரே ஆடு வெட்டி விருந்து வைப்பார். சாயங்காலம் பஸ். எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அவர் தோல்பைக்குள்.

மிர்லானை அவர் தட்டிக்கழிப்பது இது முதல் தடவை இல்லை. போட்டோ சரியில்லை என்றார். அப்புறம் பெயரில் எழுத்துப் பிழை. இப்போது நெஞ்சில் புள்ளி. அவனும் மற்ற ஏஜென்சிகளில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டான். ஒரு இடத்தில் 'நாளைக்கு வா' என்றார்கள். நாளைக்குப் போனால் போர்டையே கழற்றிக்கொண்டு ஓடியிருந்தார்கள்.

பனி விழுந்தால் மலைப்பாதை அடைபட்டுவிடும். அதன்பின் வசந்தம் வரை எங்கேயும் வேலை கிடையாது. மனைவி மாசமாக இருக்கிறாள். இருந்த மாடுகளைப் போன குளிர்காலமே தின்றுவிட்டது. இந்தப் பஸ்ஸும் போய்விட்டால்? அதற்கு மேல் நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது.

டீ ஊற்றிக்கொண்டிருந்த அவன் அம்மா பூருல் கெட்டிலை ணங்கென்று வைத்தாள்.

"எதுக்குடா பிச்சைக்காரன் மாதிரி கெஞ்சறே? உரிமையைக் கேளு!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மாமன் வீட்டில் அக்கா மகன் மூன்று முறை எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மாமன் இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னால் அந்த வீடு விளங்காது. மிர்லான் இதுவரை ஒரு கடிவாளம்கூடக் கேட்டதில்லை.

"மாமா, பஸ்ல ஒரு இடம் வேணும். அக்கா மகன் உரிமையில கேக்கறேன்."

ஓரோஸ்பெக்கின் கத்தி நின்றது.

மூத்தவர் என்ற மரியாதைக்கு வைத்த ஆட்டுத்தலையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவர் ஜாகிப் பொக்கைவாயால் சிரித்தார். "அக்கா மகன் வர்றதுக்கு ஏழு ஓநாய் வந்தாத் தேவலைன்னு சும்மாவா சொன்னாங்க! குடுத்துடு ஓரோஸ்பெக். ஒரு சீட்டுதானே?"

"வேற ஏதாவது கேளு." ஓரோஸ்பெக் தொண்டையைச் செருமினார். "அந்தச் செவலைக் குதிரையைப் பிடிச்சுட்டுப் போ."

"குதிரை வேண்டாம் மாமா. வேலை வேணும்."

"சரி, குட்டியையும் சேர்த்துப் பிடிச்சுக்க."

"இதென்ன சந்தையா?" என்றாள் பூருல். "புள்ள கேட்டது குதிரையா? கஞ்சப்பயலே, எங்கப்பன் உன்னை இப்படியா வளர்த்தான்?"

ஓரோஸ்பெக் சட்டைப்பைக்குள் கைவிட்டார். கார் சாவியை எடுத்து ரொட்டிகளுக்கு நடுவே வைத்தார். ஜப்பான் கார். செருப்பைக் கழற்றாமல் மனைவியைக்கூட அதில் ஏற விடமாட்டார்.

"எடுத்துக்க. நாரின்ல டாக்சி ஓட்டிப் பிழைச்சுக்க. பஸ் மட்டும் வேண்டாம்டா."

யாரோ ஒருவன் விசிலடித்தான். மிர்லானின் கை சாவியை நோக்கி நீண்டது. பாதி வழியில் நின்றுவிட்டது.

ஒரு பஸ் சீட்டுக்குப் பதிலாகக் காரா?

நிமிர்ந்து மாமாவைப் பார்த்தான். காலையிலிருந்து இப்போதுதான் அவரும் அவனை நேராகப் பார்த்தார். கண்ணில் கோபம் இல்லை. சாவியை இன்னும் அவன் பக்கம் தள்ளினார். மிர்லான் கையை இழுத்துக்கொண்டான்.

விசிலடித்தவன் வாயை மூடிக்கொண்டான். கிழவர் மெல்லுவதை நிறுத்தினார்.

பூருல்தான் கேட்டாள். குரலில் சண்டை போய்விட்டிருந்தது.

"தம்பி... அந்தப் பஸ்ஸு எங்கேடா போகுது?"

ஓரோஸ்பெக் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

கதவோரம் இருந்த குபாத் மெதுவாக வாயைத் திறந்தான். இன்றைக்குப் பஸ் ஏற வேண்டியவன் அவன். "போன பஸ்ல எங்கண்ணன் போனான். ஒரே ஒரு தடவைதான் போன்ல பேசினான். பின்னாடி டமால் டமால்னு சத்தம். பக்கத்துல பாறைக்கு வெடி வைக்கறாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

ஓரோஸ்பெக் தோல்பையை மடியோடு அணைத்துக்கொண்டார்.

"ராத்திரியிலயுமா பாறை உடைப்பாங்க? அது பீரங்கிச் சத்தம்தானே?"

வெளியே பஸ்காரன் ஹாரன் அடித்தான். உள்ளே ஒருவரும் அசையவில்லை.

குபாத் கொழுப்புப் படிந்த கையைத் துடைத்துக்கொண்டான். எழுந்து வந்து ஓரோஸ்பெக்கின் முன்னால் அதை நீட்டினான்.

"நானும் ஒருத்தருக்கு அக்கா மகன்தான். என் பாஸ்போர்ட்டைக் குடுங்க."