மூன்றாவது வியூ பாயிண்ட்

"அக்கா, நீங்கள்லாம் போயிட்டு வாங்க. நான் வண்டிக்குத் திரும்புறேன்."

முதல் வியூ பாயிண்ட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு செம்பியன் இப்படிச் சொன்னதும் எழில்மதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோரும் பள்ளத்தாக்கைப் பார்த்தால், இவன் மட்டும் கீழே வேன் நின்ற இடத்தையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, இப்பதானே பத்து நிமிஷம் நடந்திருக்கோம்? இன்னும் ரெண்டு இடம் இருக்கு. மூணாவதுலேருந்துதான் எல்லாம் முழுசாத் தெரியுமாம்."

"கால் வலிக்குதுக்கா."

"லாரி ஓட்டுற காலுக்கு இந்த நடை வலிக்குதா?"

 அவன் வந்த வழியே விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டான். கால் வலிக்கிறவன் நடக்கிற நடையா அது?

இந்தக் கொல்லிமலைப் பயணமே அவனுக்காகத்தான். காரைக்காலில் பிறந்து, முப்பத்தெட்டு வயதாகியும் மலை என்று ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை அவன். கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றுவதும், கொண்டுபோய்க் கொட்டுவதுமாகவே பொழுது போய்க்கொண்டிருந்தது. தம்பி ஒருநாளாவது நல்ல காற்றைச் சுவாசிக்கட்டும் என்று எழில்மதி மூன்று மாதமாய்க் கெஞ்சி, லீவு போட வைத்து, சொந்தக்காரர்கள் பன்னிரண்டு பேரைச் சேர்த்து வேன் பிடித்திருந்தாள்.

"விடு எழில். அவனுக்கு வண்டியை விட்டா வேற உலகம் கிடையாது" என்றார் கணவர் கலைவாணன்.

"அதுக்கு எதுக்குங்க இவ்வளவு தூரம்? தருமபுரத்துல நம்ம வீட்டு வாசல்லயே வண்டியைப் போட்டு உட்கார வச்சிருக்கலாமே."

இரண்டாவது இடம் வரைக்கும் புலம்பினாள். மூன்றாவது இடத்துக்கு ஏறும்போதும் புலம்பினாள்.

அங்கே மரங்கள் சட்டென்று விலகின. பாறை முடிகிற இடத்தில் பள்ளத்தாக்கு அப்படியே திறந்துகிடந்தது. ரொம்பக் கீழே வயல்கள் கட்டம் கட்டமாய்த் தெரிய, மேகத்தின் நிழல் ஒவ்வொரு வயலாய்த் தாண்டிப் போனது. குழந்தைகள்கூட வாயை மூடிக்கொண்டன.

"இதுக்குத்தானே அவனை இழுத்துக்கிட்டு வந்தேன். பாவி, பாதியில ஓடிட்டான்" என்றாள் எழில்மதி.

திரும்புகிற பாதை வேறு. மலையைச் சுற்றிக்கொண்டு வந்து வேன் நிறுத்திய இடத்துக்கு மறுபக்கம் விட்டது. மணி நாலு இருபது.

டிரைவர் சீட்டில் செம்பியன் சாவகாசமாய் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தான். டிரைவர் அலாவுதீனைக் காணோம்.

"பாய் எங்கடா?"

"வந்துடுவாரு."

"எங்க போனாரு?"

"இங்கதான்க்கா. ஏறி உட்காரு."

எழில்மதி டிரைவருக்குப் போன் போட்டாள். அது வேனுக்குள்ளேயே, ஸ்டியரிங் பக்கத்தில் அடித்தது.

நாலரைக்கு வண்டி எடுக்கணும், இருட்டுறதுக்குள்ள எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிடணும் என்று காலையில் படித்துப் படித்துச் சொன்னவரே அவர்தான். நாலே முக்கால் ஆயிற்று. ஐந்து ஆயிற்று. குழந்தைகள் பசிக்கிறது என்று அழ ஆரம்பித்தன.

"வாயைத் திறந்து சொல்லேண்டா. எங்க போயிருக்காரு?"

"ஏன் பதறுற? அவரு வரலைன்னா நான் ஓட்டுறேன்."

"இன்னைக்குத்தான் மலையையே பார்த்திருக்கே. நீ மலையில வண்டி ஓட்டப் போறியா?"

ஐந்து பத்துக்கு அலாவுதீன் வந்தார். அறுபது வயது மனிதர். மூச்சு வாங்க, பேன்ட் முழுக்க ஒட்டுப்புல்லோடு, இவர்கள் இறங்கி வந்த அதே பாதையில் வந்தார்.

"என்ன பாய் இது, பொறுப்பு வேண்டாமா? சின்னப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு இருட்டுல இறங்கணுமா நாங்க? உங்க ஓனருக்குப் போன் போடப்போறேன்."

அலாவுதீன் தலையைக் குனிந்துகொண்டார்.

"தப்புதாம்மா. மூணாவது இடத்துல போய் நின்னேன். நேரம் போனதே தெரியல."

"நீங்க பார்க்காத மலையா?"

"இருபத்தாறு வருஷமா ஆளுங்களைக் கொண்டாந்து விடுறேம்மா. பஸ் வந்தா வண்டியை ஒதுக்கணும், குரங்கு சாமானைத் தூக்காம பார்த்துக்கணும். அந்தப் பாதையில காலை வச்சதில்ல. இன்னைக்குத் தம்பி வந்து சாவியை வாங்கிக்கிச்சு. நானும் ஹெவி லைசென்ஸ்காரன்தான், வண்டியை நான் பார்த்துக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க பாய்னு பிடிச்சுத் தள்ளாத குறையா அனுப்பி வச்சுது."

எழில்மதி கையிலிருந்த போனைப் பைக்குள் போட்டாள்.

வேன் கிளம்பியது. நாலு வளைவு இறங்கியது. எழில்மதி முன் சீட்டில் இருந்த தம்பியின் தோளைத் தொட்டாள்.

"நீ பார்க்கணும்னுதானேடா வந்தோம்."

செம்பியன் திரும்பாமலே சொன்னான்.

"பதினோரு வருஷமா தினம் கப்பலுக்குப் பக்கத்துல போயிட்டு வர்றேன்க்கா. ஒருநாள்கூட இறங்கி நின்னு ஒரு கப்பலைப் பார்த்ததில்ல."