காது வைத்துக் கேட்கவும்

அம்மா இன்னும் பதினாறு படி ஏறிவிட்டால் போதும், எல்லாம் முடிந்தது.

சின்னவள் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள். அம்மாவின் வகிடு தெரிந்தது. ஒரு படி, ஒரு பெருமூச்சு, முழங்காலில் ஒரு தடவல். மறுபடி ஒரு படி.

"அம்மா, நீ வராதம்மா. மேல ஒண்ணுமே இல்ல!"

"ஒண்ணுமில்லாததப் பாக்கத்தான காலைலேர்ந்து ஆறு கேலரி ஏறி எறங்கினோம்? பெரியவளோடத மட்டும் பாக்காமப் போவேனா?"

சின்னவள் திரும்பி அறைக்குள் ஓடினாள்.

 ஊர் முழுக்கக் கலைக் கண்காட்சி. கோட்டைச் சுவருக்குள் அடங்கிய பழைய ஊர். முந்நூறு வருஷத்துக் கல்வீடுகளுக்கு உள்ளே வெள்ளையடித்து, விளக்குப் போட்டு, எதை எதையோ வைத்திருந்தார்கள். ஓரிடத்தில் கண்ணாடித் தொட்டி நிறைய அழுகிய பழம். இன்னோரிடத்தில் யார் யார் தலைமுடியோ ஒரு மூட்டை. அதற்கடுத்ததில் கூடத்து நடுவே ஈரத்துணிக் குவியல். "பிழிஞ்சு காயப்போடாம விட்டா நாறத்தான் செய்யும், இதுக்கு ஒரு டிக்கெட்டா" என்று அம்மா சொன்னதில் காவலுக்கு நின்ற பெண்ணே சிரித்துவிட்டாள்.

அதெல்லாம் ஊரார் அழுக்கு.

இங்கே, அக்காவின் காட்சியறை நடுவில் கிடந்தது அப்பாவின் இரும்புக் கட்டில்.

அதே விரிப்பு. இடுப்பு கிடந்த இடத்தில் மஞ்சள் கறை, ஓரம் மட்டும் பழுப்பு. துவைக்கவே இல்லை. கட்டில் சட்டத்தில் மூத்திரப் பை. ஊறுகாய் ஜாடி மாதிரி ஒன்றில் அப்பாவின் வெட்டிய நகங்கள். எல்லாவற்றையும் எரித்துவிட்டதாகத்தான் அக்கா சொல்லியிருந்தாள்.

தலையணைக்குப் பக்கத்தில் ஓர் அட்டை: காது வைத்துக் கேட்கவும்.

அம்மாவுக்கு முன்னால் ஏறி வந்ததுமே சின்னவள் வைத்துக் கேட்டுவிட்டாள். அப்பாவை ஒரே ஒரு தரம் கேட்க வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான்.

தலையணைக்குள் மூச்சு. ரம்பம் இழுப்பது போன்ற அந்த மூச்சு. கடைசி நாட்களில் அக்கா பதிவு செய்து வைத்திருந்தது. அதற்கு நடுவே, மூக்கைப் பொத்திக்கொண்டு பேசுகிற ஒரு பெண்ணின் குரல்.

"நாத்தம் குடலப் புடுங்குதுக்கா. செத்துத் தொலஞ்சாத்தான் என்ன?"

அவளுடைய குரல். பதினாலு வயதில், அந்த அறை வாசலில் நின்று அக்காவிடம் சொன்னது. மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவள் தூங்காமல் புரண்ட இரவெல்லாம் அம்மா பக்கத்தில் வந்து படுப்பாள். கேட்காமலே சொல்வாள், கடைசிப் பத்து நாள் அவருக்கு எதுவுமே காதில் விழவில்லை என்று. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் சின்னவள் ஒரு வருஷத்தைத் தள்ளினாள். தான் சொன்னது அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் பக்கத்தில் வந்து படுப்பாளா?

தாடிக்காரர் ஒருவர் தலையணையிலிருந்து நிமிர்ந்தார். பழரசக் கோப்பையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு கட்டிலருகே நின்ற அக்காவின் கையைக் குலுக்கினார். "அந்தப் பொண்ணு குரல் வருதே, அந்த இடம் பிரமாதம்."

அக்கா வெட்கப்பட்டுக் கழுத்தைச் சாய்த்தாள். சின்னவளுக்குக் காறித் துப்பலாம்போல வந்தது.

"அக்கா, நிறுத்துக்கா. அம்மா வந்துட்டிருக்கா."

"உன் குரல்னு இங்க யாருக்குடி தெரியும்? இதுல உண்மையான இடமே அதுதான்."

"அம்மாவுக்குத் தெரியும்ல!"

அக்கா அதற்குள் அடுத்த விருந்தாளியிடம் திரும்பிவிட்டாள்.

சின்னவள் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டாள். வயர் எங்கே போகிறது? விரிப்பின் ஓரம் முகத்தில் உரசியது. அதே வாடை. மருந்தும் புண்ணும் மூத்திரமும் கலந்தது. ஒரு வருஷம் ஆகியும் போகவில்லை. சட்டென்று பார்த்தால், அவள் கை மறுபடியும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தது.

நாறுவது அப்பாவா, தானா என்று புரியவில்லை. 

"கட்டிலத் தொடக்கூடாதும்மா, வெளிய வா," என்றாள் அந்த அறைக் காவல்காரி.

வெளியே வந்தபோது அம்மா அறைக்குள் நின்றிருந்தாள்.

மூச்சு வாங்க ஒரு சுற்றுப் பார்த்தாள். நக ஜாடியைக் கண்டதும் முகத்தைச் சுளித்தாள். பிறகு கட்டிலருகே போய், கசங்கிய விரிப்பைப் பழக்கத்தில் இழுத்துச் சரிசெய்தாள். காவல்காரி ஏதோ சொல்ல வாயெடுக்க, அக்கா வேண்டாமென்று கையசைத்தாள்.

அம்மா குனிந்து தலையணையில் காது வைத்தாள்.

சின்னவள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணை மூடியிருந்தாள் அம்மா. வெகுநேரம் ஒன்றும் மாறவில்லை. பிறகு புருவம் மட்டும் ஒரு தரம் இழுத்துக்கொண்டது.

அந்த இடம் வந்துவிட்டது.

அம்மா எழவில்லை. இன்னும் எதையோ எதிர்பார்க்கிறவள் மாதிரி காதை அழுத்தி வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்தாள். சின்னவளைப் பார்க்கவில்லை. பெரியவளைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையிலதான்டி படுத்திருந்தேன்," என்றாள் மெதுவாக. "இவ சொன்னதுக்கு அவர் ஒரு பதில் சொன்னாரே, அத ஏன் வெட்டின?"

அக்கா சின்னவளை ஒரு பார்வை பார்த்தாள். 

பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண், நாகரிகமாக இருமிவிட்டு, தலையணைக்குக் குனிந்தாள்.

அம்மா, அக்கா இரண்டு பேருக்குமே தெரியும். கேட்டால் சொல்லிவிடுவார்கள். சின்னவளுக்குத்தான் வாய் வரவில்லை.

என்ன சொன்னார் அப்பா?