பெயர் எனக்கு, வினை உனக்கு

“பெயர்ச்சொல் பூரா என்னோடது மேடம். வினைச்சொல்லை வேணும்னா இவளே எடுத்துக்கட்டும்.”

கணவன் இப்படிச் சொன்னதும் கோந்து மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

குடும்ப நீதிமன்றத்தின் சமரச அறையில் அவருக்கு அதுதான் பெயர். விவாகரத்து கேட்டு வருகிற ஜோடியை எப்படியாவது ஒட்டவைத்து அனுப்பிவிடுவார் என்பதால் குமாஸ்தாக்கள் வைத்தது. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இந்த அறையில் வீட்டைப் பங்கு கேட்டிருக்கிறார்கள், காரைப் பங்கு கேட்டிருக்கிறார்கள். ஒரே நாயை ஆளுக்குப் பாதி வாரம் கேட்டவர்கள்கூட உண்டு. இலக்கணத்தைப் பங்கு கேட்டு வந்தவர்கள் இவர்கள்தான்.

“எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

“நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மொழி செஞ்சோம் மேடம்,” என்றாள் மனைவி. “காலேஜ்ல படிக்கும்போது ஆரம்பிச்சது. சமஸ்கிருதம், லத்தீன், கிரேக்கம் எல்லாத்துக்கும் ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரி இருக்கும். இப்ப ஊருக்கு நாலு பைத்தியம்னு உலகம் பூரா கத்துக்கறாங்க.”

“வீட்டுல?”

“வீட்டுலயும் அதுதான். அங்கதான் வினை. போன மாசம் எனக்குக் காய்ச்சல். உடம்பு அனலாக் கொதிக்குதுன்னு சொல்றேன், ‘காய்ச்சலுக்கு நீ போட்ட உருபு தப்பு’ங்கறார். ஒரு மாத்திரை எடுத்துக் கொடுத்தாரா கேளுங்க.”

“தப்பைத் தப்புன்னு சொன்னது ஒரு தப்பா மேடம்?”

அப்பாவி மாதிரிதான் கேட்டான். மேடத்துக்கே ஒரு கணம் அவனை அறையலாம் போல இருந்தது. அடக்கிக்கொண்டார்.

“சரி, பெயர் அவருக்கு, வினை உங்களுக்கு. பாகம் முடிஞ்சுதே, இன்னும் என்ன தகராறு?”

“வேற்றுமைதான்!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

“அது தெரியுது. வேற்றுமை இல்லாமலா இந்த அறைக்கு வருவாங்க?”

“அந்த வேற்றுமை இல்ல மேடம்,” என்றாள் மனைவி. “வேற்றுமை உருபு. எங்க மொழியில எட்டு வேற்றுமை. அந்த உருபெல்லாம் யாருக்குன்னுதான் சண்டை.”

சின்ன வயதில் ‘ஐ ஆல் கு இன் அது கண்’ ஒப்பிக்கத் தெரியாமல் பெஞ்சுமேல் நின்றது மேடத்துக்கு ஞாபகம் வந்தது. முழங்கால்கூட லேசாக வலித்தது.

“உருபு பெயரோட வாலுல ஒட்டுது,” என்றான் கணவன். “மாடு என்னோடதுன்னா வாலும் என்னோடதுதானே?”

“ஒட்டறது இவர் பெயர்ல. ஒட்டச் சொல்றது என் வினை! நான் ‘கொடு’ன்னு சொல்லலேன்னா இவரோட ‘கு’வுக்கு என்ன வேலை? சும்மா வாலைத் தூக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.”

அவன் கத்தினான். இவள் அதைவிடக் கத்தினாள். கடைசியில் அவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டபோது, மேடத்துக்குச் சட்டென்று பொறி தட்டியது.

“போதும். உருபு யாருக்கும் கிடையாது, நானே வச்சுக்கறேன். சார், இப்ப உங்களுக்கு என்ன வேணும்? உங்க பங்கை மட்டும் வச்சுச் சொல்லுங்க பார்ப்போம்.”

கணவன் யோசித்தான். “வோதர்,” என்றான் கரகரப்பாக.

“தண்ணின்னு அர்த்தம்,” என்று முணுமுணுத்தாள் மனைவி.

“தண்ணிக்கு என்ன? வேணுமா, வேண்டாமா, கொட்டிடுச்சா?”

“வோதர்... வோதர்...” வெறும் பெயரை வைத்துக்கொண்டு அவன் தவித்தான். அதற்குமேல் மனைவிக்குப் பொறுக்கவில்லை. மேசைமேல் இருந்த டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“பிபே,” என்றாள்.

‘குடி’ என்றுதான் இருக்க வேண்டும். குடித்தான்.

குடித்துவிட்டு அந்த மொழியிலேயே ஏதோ சொன்னான். அவள் பதில் சொன்னாள். அவன் இன்னும் தணிந்த குரலில் கேட்டான், அவள் தலையாட்டினாள். மேடத்துக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியமும் இல்லை. எத்தனை ஜோடியைப் பார்த்தவர்! நடுவில் அவள் களுக்கென்று சிரித்தாள், அவன் கண் கலங்கினான், கடைசியில் இருவரும் கையைக் கோத்துக்கொண்டார்கள்.

கதவிடுக்கில் தலையை நீட்டிய குமாஸ்தாவுக்கு மேடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். கோப்பில் ‘சமரசம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதவும் ஆரம்பித்துவிட்டார்.

“பார்த்தீங்களா? தனித்தனியா நின்னா ஒரு வாய் தண்ணிக்குக்கூட வழி இல்ல. இதைப் போய்ப் பிரிக்கலாமா?”

“கூடாது மேடம்,” என்றான் கணவன். “இப்பத்தான் புத்தி வந்துச்சு. இத்தனை வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்தது. கடைசி வரைக்கும் ஒண்ணாவே இருக்கட்டும்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம்.”

“ஆமா மேடம்,” என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “மொழி முழுசா அப்படியே இருக்கட்டும். எங்களை மட்டும் பிரிச்சு விட்டுடுங்க, போதும்.”