ரெண்டு தரம் கலைச்ச பொட்டி

சிரிங்கடா, நல்லா சிரிங்க. கையில நல்ல சீட்டு வந்தாலே காது வரைக்கும் பல்லைக் காட்டுற பயலுக, இந்தக் குரங்கைப் பாத்து சிரிக்கிறீங்க.

காட்டுல ஒரு பொட்டி, தானே சீட்டைக் கலைச்சு ஒண்ணொண்ணா தள்ளும். அடுத்த சீட்டைச் சரியா சொன்னா ஒரு கடலைக்குப் பத்து கடலை. எல்லாரும் தோத்தோம். அணில் மட்டும் மூணு நாள் உக்காந்து பாத்துட்டு என் காதுல சொல்லுச்சு.

"மாமா, பொட்டி சரியா கலைக்கறதே இல்ல. பழைய வரிசை துண்டு துண்டா அப்படியே வருது. அஞ்சு வந்தா அடுத்தது பெரும்பாலும் ஆறுதான். யார்கிட்டயும் உளறிடாத."

அணில் தன் குட்டிங்களுக்கு மழைக்காலத்துக்குச் சேத்த கடலை மொத்தத்தையும் எடுத்துட்டு வர ஓடுச்சு.

அந்த நேரம் பாத்து பொட்டி என்னைச் சீண்டுச்சு. "பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டு ஓடுன குரங்குதான நீ? உனக்கெல்லாம் சீட்டு எதுக்கு?"

நாக்கு நிக்குமா? "போடா தகர டப்பா! அஞ்சுக்குப் பக்கத்துல ஆறை வைக்கிறவனுக்குப் பேச்சைப் பாரு!"

பொட்டி உடனே கலைச்ச சீட்டை எடுத்து இன்னொரு தரம் கலைச்சு வச்சுது. நான் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்.

அணில் வந்துச்சு. அஞ்சு விழுந்துச்சு. மொத்தக் கடலையையும் வச்சு "ஆறு"ன்னுச்சு.

வந்தது ராணி.

"எப்படி மாமா கண்டுபிடிச்சுது?"ன்னு அழுதுச்சு.

"பொல்லாத பொட்டிம்மா அது"ன்னேன்.

நான்தான்டா சொல்லிக் குடுத்தேன். அணிலுக்கு இன்னும் தெரியாது.