நாலு மணி வெளிச்சம்

"யாரும் எழுந்து வந்து கை காட்ட வேண்டாம். நாங்க பார்த்துக்கறோம்" என்று கார் ஜன்னல் வழியே அறிவித்தார் ரஸல்.

எழுந்திருக்கும் உத்தேசம் எங்களில் யாருக்கும் இல்லை. மடக்கு நாற்காலிகளை அவருக்கு நேர் எதிரே வரிசையாகப் போட்டு, பீரைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கேரவன் முகாமில் சாயங்கால நாடகம் இதுதான். புதிதாக வந்த புருஷன், காருக்குப் பின்னால் மாட்டிய கேரவன் என்கிற சக்கர வீட்டை ரிவர்ஸில் அதன் இடத்துக்குள் நுழைப்பார். பெண்டாட்டி பின்னால் நின்று கை காட்டுவாள். கல்யாணம் எவ்வளவு கெட்டி என்பது முகாமுக்கே தெரிந்துவிடும்.

அன்றைக்கு ரஸலுக்கு வாய்த்தது எங்களுக்கு மிகவும் பிடித்த இடம். இடது பக்கம் தென்னை. வலது பக்கம் தண்ணீர்க் குழாய்க் கம்பம். அந்தக் கம்பம் பல குடும்பங்களைப் பார்த்துச் சாய்ந்தே நிற்கிறது.

கேரவனின் முதுகில் பெரிய ஸ்டிக்கர்: 'கூடு காலி. கிழக் குருவிகள் ரெண்டும் ரோட்டில்!'

"நல்லா உத்துப் பாரு" என்றார் பக்கத்து நாற்காலி மெர்வ். "நசுங்கின பள்ளத்து மேல ஒட்டியிருக்கு."

பள்ளத்தின் கதை என் மனைவி நொலீனுக்குத் தெரியும். ரஸல் முகாம் அலுவலகத்துக்குப் போயிருந்தபோது அவர் மனைவி மெரில் சொல்லிவிட்டாள். இத்தனை வருஷமும் பின்னால் நின்று கை காட்டியது மகள் டேகன். அவள் வேலை கிடைத்து லண்டனுக்குப் போய்விட்டாள். அவள் இல்லாமல் இவர்கள் வண்டி நிறுத்திய முதல் முகாமிலேயே கேரவன் முதுகு இடித்து ஒரு கம்பம் போயிற்று. இன்னொன்று போனால் ஊர் சுற்றியது போதும், சொந்த ஊர் பல்லாரட்டுக்குத் திரும்பிவிடுவது என்று பேச்சாம்.

"திரும்பினா என்ன இப்போ? வீடு இருக்குல்ல?" என்றேன்.

"அங்க அந்தப் பொண்ணு ரூமைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போகணுமாம்" என்றாள் நொலீன்.

ரஸல் முகத்தில் இந்த விசாரம் எதுவும் தெரியவில்லை. தொப்பியைச் சரி செய்தார். கண்ணாடிகளைச் சரி செய்தார். விமானத்தைக் கிளப்பப் போகிறவர் மாதிரி கையை உயர்த்தினார்.

"மதியமே உங்க வண்டியை பேக்கரி வாசல்ல பார்த்தேனே!" என்று மெர்வ் கத்தினார். "சாசேஜ் ரோல் மேல சாசேஜ் ரோலா உள்ள போய்க்கிட்டிருந்துச்சு. அப்பவே வந்து நிறுத்தியிருக்கலாம்ல?"

"அனுபவம்னு ஒண்ணு இருக்குல்லப்பா" என்றார் ரஸல். "மதிய வெயில் கண்ணாடில பட்டுக் கூசும். ரிவர்ஸுக்கு நாலு மணி வெளிச்சம்தான் தோது."

மெர்வ் ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர். இப்படி ஒரு சாஸ்திரம் இருப்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

கேரவன் பின்னால் நகர்ந்தது.

மெரில் தென்னைக்கும் கம்பத்துக்கும் நடுவில் நின்றாள். ஒரு கையில் செல்போனை நெஞ்சோடு பிடித்திருந்தாள். மறு கையால் சைகை.

"படம் வேற பிடிக்கிறா பாரு" என்றார் மெர்வ். "இன்ஷூரன்ஸுக்கு ஆகும்."

அந்தக் கை இடது என்றது. கொஞ்சம் யோசித்துவிட்டு வலது என்றது. நில் என்றது. கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு பீர் கேன் நுழையும் இடைவெளி. மெரிலின் கண் கம்பத்தின் மேல் இல்லை, வண்டியின் மேலும் இல்லை. எதையோ காது கொடுத்துக் கேட்கிறவள் போல இருந்தாள். பிறகு அந்தக் கை மெதுவாக, வா வா என்றது.

ஒரே மூச்சில் வண்டி உள்ளே போய் நேராக நின்றது.

முகாமே ஏமாந்துபோனது. ஆனாலும் வழக்கத்தை விடக்கூடாது என்று கை தட்டினோம்.

ரஸல் இறங்கிவந்து தலை குனிந்து அதை ஏற்றுக்கொண்டார். "பிள்ளைங்க போனா போகட்டும்யா. கண்ணைத் துடைச்சிட்டு உட்கார்ற ஆளா நான்? தேவைன்னா அவளே கூப்பிடட்டும். நமக்கு யார் தயவும் வேண்டாம்."

தண்ணீர்க் குழாயில் ரப்பர் குழாயை மாட்டும் இணைப்பு இவர்களிடம் இருக்குமோ இருக்காதோ என்று, என்னுடையதை எடுத்துக்கொண்டு கேரவனுக்குப் பின்பக்கம் போனேன். மெரில் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டாள். செல்போன் திரையில் தூக்கக் கலக்கத்தோடு ஒரு பெண், வாயில் பல் துலக்கும் பிரஷ். லண்டனில் அப்போதுதான் காலை.

"அந்தக் கம்பம் கிட்ட வந்தப்போ எனக்கே மூச்சு நின்னுடுச்சும்மா" என்றது திரை.

மெரில் காதிலிருந்து சின்ன ஒலிக்கருவி ஒன்றைக் கழற்றினாள். "அவர்கிட்ட சொல்லிடாதீங்க, ப்ளீஸ். எல்லாம் நாங்களே செஞ்சோம்னு நினைச்சுட்டிருக்காரு. பாவம்."

சத்தியம் செய்துகொடுத்தேன். அவள் செல்போனை என் கையில் திணித்துவிட்டு, இணைப்பை வாங்கிக்கொண்டு அந்தச் சாய்ந்த கம்பத்துப் பக்கம் போனாள்.

"அங்கிள்" என்றது திரை, குரலைத் தாழ்த்தி. "அம்மா போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க."

"அப்பா கிட்ட சொல்லிடுங்க, நாளைக்கு ஞாயித்துக்கிழமை, நான் எந்திரிக்க லேட் ஆகும். உங்க நாலு மணி சரிப்படாது. ஆறு மணிக்கு வண்டியை நிறுத்தச் சொல்லுங்க." பிரஷ்ஷை எடுத்துவிட்டுச் சிரித்தாள். "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

மறுநாள் சாயங்காலம் முகாமை விட்டுக் கிளம்பும் முன் ரஸல் எல்லோருக்கும் கை கொடுத்தார். அடுத்த ஊர் ஒரு மணி நேரப் பயணம்தான்.

"வடக்கே போகப் போக வெளிச்சம் மாறும்" என்று மெர்வுக்கு விளக்கினார். "அங்கெல்லாம் ஆறு மணி வெளிச்சம்தான்."