ஒற்றைப் புள்ளி

முட்டி போட்டுவிட்டான்.

பதினேழுக்குப் பதினேழு. ஆட்டத்தின் கடைசி நொடி. எதிரணி உதைத்த பந்து கம்பங்களுக்கு வெளியே பறந்து, எங்கள் கோல் பகுதியின் ஆழத்தில் நின்ற லாக்லனின் கைக்கு வந்தது. அவனோ பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சர்ச்சுக்கு வந்தவன் மாதிரி ஒரு முட்டியைத் தரையில் ஊன்றினான்.

உதை தவறினாலும், பிடித்தவன் முட்டி போட்டு, பந்து எங்கள் பகுதிக்குள்ளேயே முடங்கிவிட்டால் அவர்களுக்கு ஒரு புள்ளி. தூக்கிக்கொண்டு வெளியே ஓட வேண்டும். முடியாவிட்டால் காலால் உதைத்தாவது வெளியே தள்ள வேண்டும். தள்ளியிருந்தால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும்.

அமெரிக்காக்காரன் எவனாவது செய்திருந்தால் மன்னித்திருப்பேன். அவர்கள் ஊர் ஃபுட்பாலில் இந்த விதி கிடையாது. இவன் இங்கே கனடாவில், கேப் பிரெட்டனில் பிறந்து, எட்டு வயதிலிருந்து ஹெல்மெட் மாட்டுகிறவன்.

பதினெட்டுக்குப் பதினேழு. கனடாப் பல்கலைக்கழகங்களுக்கான வேனியர் கோப்பை போயிற்று.

கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் தரையில் ஓங்கி அடித்தேன். பத்தொன்பது வருஷமாக இந்தப் பல்கலைக்கழக அணிக்கு நான்தான் பிசியோ. பையன்களின் கணுக்காலுக்கு டேப் சுற்றிச் சுற்றியே என் விரல்கள் கோணிவிட்டன. கோப்பையை ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும். வேறெதுவும் நான் கேட்டதில்லை.

மடையன்! மூளையை உடை மாற்றும் அறையிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தானா?

“டேய் இருபத்தேழு! உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் எவன்டா?”

இருபது மணி நேரம் பஸ்ஸில் வந்த எங்கள் ஊர்க் கிழவர் ஒருவர் லாக்லனின் சட்டை எண்ணைச் சொல்லிக் கத்தினார். அத்தனை நேரம் ஆட்டி ஆட்டி உற்சாகப்படுத்திய மாட்டு மணியைத் தூக்கி மைதானத்துக்குள் வீசினார். அது என் காலடியில் வந்து விழுந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. இன்னும் ரெண்டு வீசட்டும் என்றிருந்தது.

மூன்றாம் கால்பகுதியில் இதே கூட்டம்தான் அவனுக்காக எழுந்து நின்று கைதட்டியது. அப்போது நாங்கள் பதினேழுக்குப் பத்து என்று முன்னிலையில் இருந்தோம். இரண்டு தடியன்கள் ஒரே நேரத்தில் மோத, ஹெல்மெட் தரையில் இடிபட விழுந்தான். மைதான ஓரத்து மருத்துவக் கூடாரத்துக்குள் போனான். பத்து நிமிஷத்தில் துள்ளிக்கொண்டு வெளியே வந்தான்.

எதிரணி ஏழு புள்ளி எடுத்துச் சமன் செய்தது அதற்குப் பிறகுதான்.

உடை மாற்றும் அறைக்குள் கோச் வென்டல் தொப்பியைச் சுவரில் விட்டெறிந்தார்.

“அஞ்சு வருஷம்டா! அஞ்சு வருஷமா உன்னைக் கட்டி மேய்ச்சதுக்கு நல்லா செஞ்சிட்டடா!”

ஐந்து வருஷத்துக்கு மேல் யாரும் ஆட முடியாது. லாக்லனுக்கு இதுதான் கடைசி ஆட்டம். சாகும்வரை இதைச் சுமந்துகொண்டு திரியட்டும் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

அவன் மூலையில், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்பதற்காகப் போனேன்.

“என்ன டாக், எல்லாரும் எழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்காங்க?”

நான் டாக்டர் இல்லை. பையன்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“ஏழு பாயிண்ட் முன்னாடி இருக்கோம்ல? ஒண்ணு போனா போகட்டும்னு சேஃபா முட்டி போட்டுட்டேன்” என்றான். சிரித்தான்.

அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தேன்.

ஏழு புள்ளி முன்னிலையில் இருப்பவன் அதைத்தான் செய்ய வேண்டும். எந்தக் கோச்சும் அதைத்தான் சொல்லிக் கொடுப்பார்.

சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தேன். கண்ணில் வெளிச்சம் பட்டதுமே அவன் ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொல்ல ஆரம்பித்தான்.

“கரடி, சாவி, எலுமிச்சை, ஜன்னல், பாலம்.”

நான் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.

தலையில் அடிபட்டவனிடம் ஐந்து சொற்களைச் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து அவற்றைத் திருப்பிக் கேட்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அன்றைக்கு அவன் ஆடக் கூடாது. கூடாரத்துக்குள் அவன் ஒன்றைக்கூட விடவில்லை. நான்தான் முதுகில் தட்டி வெளியே அனுப்பினேன்.

அந்தச் சொற்களை அச்சடித்த பரிசோதனை அட்டையில் பத்துப் பட்டியல்கள் இருக்கின்றன, ஒவ்வொரு தடவையும் மாற்றி மாற்றிக் கேட்பதற்கென்றே. ஒவ்வொரு வருஷமும் ஆட்டங்கள் தொடங்கும் முன்பு எல்லாப் பையன்களிடமும் கேட்பேன். அடிபடும்போதெல்லாம் கேட்பேன். பத்தொன்பது வருஷமாக முதல் பட்டியலைத் தாண்டி நான் அட்டையைப் புரட்டியதே இல்லை.

என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

“சரிதானே டாக்?” லாக்லன் ஹெல்மெட்டின் வாரை இழுத்து மாட்டிக்கொண்டு எழுந்தான். “நான் ஆடப் போலாம்ல?”